செல்லுக்குள் தெரியும் அந்தப் புள்ளி ஒற்றை மூலக்கூறுதானா?

கேள்வி, ஜனவரி 12

ஒளி நுண்ணோக்கியால் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது என்று கல்லூரியில் படித்தேன். ஒரு புரதத்தின் அளவு நாலைந்து நானோமீட்டர். ஆனால் 'உயிருள்ள செல்லுக்குள் ஒற்றைப் புரத மூலக்கூறு ஓடுகிறது' என்று வீடியோ போடுகிறார்கள். கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் துடிக்கின்றன, அவ்வளவுதான். அது ஒன்றா, ஐம்பது சேர்ந்த கட்டியா, தூசியா? யார் எண்ணிப் பார்த்தார்கள்? மென்பொருள் வரைந்து காட்டும் படம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 12, இரவு

என் வேலையே இதுதான். பாலூட்டி செல்களின் உட்கருவுக்குள் டிஎன்ஏவைப் பிடிக்கும் புரதங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்கிறேன்.

நீங்கள் படித்த எல்லை சரி. ஆனால் அது பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவதற்கான எல்லை. ஒரு பொருள் அங்கே இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க அந்த எல்லை தடையில்லை. அமாவாசை இரவில் ஏரிக்கு அந்தக் கரையில் ஒருவர் டார்ச் அடித்தால் பல்பின் வடிவம் நமக்குத் தெரியாது. ஆனால் விளக்கு இருப்பது தெரியும், எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் தெரியும். பத்துப் பேர் நெருங்கி நின்று அடித்தால் எத்தனை விளக்கு என்று சொல்ல முடியாது. பகலில் அடித்தால் ஒன்றுமே தெரியாது.

ஆக இரண்டு நிபந்தனைகள். ஒளிரும் மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று விலகி இருக்க வேண்டும். சுற்றிலும் இருட்டாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் உயிருள்ள செல்லுக்குள் கொண்டுவருவதில்தான் எங்கள் உழைப்பெல்லாம் போகிறது. புரதம் எவ்வளவு சிறியது என்பதற்கும் திரையில் தெரியும் புள்ளியின் அகலத்துக்கும் சம்பந்தமே கிடையாது. எதுவானாலும் கால் மைக்ரான் அகலப் புள்ளியாகத்தான் கேமராவில் விழும்.

ஜனவரி 13, காலை

'ஒன்றா ஐம்பதா' என்ற கேள்விக்கு நேற்று பதில் எழுதவில்லை. உங்கள் பதிவிலேயே முக்கியமான கேள்வி அதுதான்.

ஒளிரும் மூலக்கூறு எதுவானாலும் லேசரின் கீழ் ஒரு கட்டத்தில் நிரந்தரமாக அணைந்துவிடும். லேபில் 'ப்ளீச் ஆகிவிட்டது' என்போம். ஒற்றை மூலக்கூறு அணையும்போது மங்கி மங்கி அணையாது. எரிந்துகொண்டே இருக்கும், அடுத்த ஃபிரேமில் இருக்காது. புள்ளியின் பிரகாசத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஒரு தட்டையான கோடு, செங்குத்தாக ஓர் இறக்கம், அப்புறம் பின்புல அளவில் இன்னொரு தட்டையான கோடு. இரண்டு மூலக்கூறு சேர்ந்திருந்தால் இரண்டு படி. ஐம்பது சேர்ந்த கட்டி என்றால் படிகள் ஒன்றோடொன்று கலந்து வழவழவென்று சரியும். தூசி பெரும்பாலும் அணையவே அணையாது, அணைந்தாலும் இப்படி ஒரே படியில் அணையாது.

இந்தப் படியை முதன்முதலில் என் தரவில் வரைந்து பார்த்த மாலை நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை எனக்கும் அவை வெறும் புள்ளிகள்தான். அந்த ஒரு செங்குத்துக் கோட்டைப் பார்த்த பிறகுதான் திரையில் இருப்பது ஒரு பொருள் என்ற உணர்வு வந்தது.

படியை எண்ணியே செல்லுக்குள் இருக்கும் இயந்திரங்களின் உறுப்புகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஈ. கோலை பாக்டீரியா நீந்தப் பயன்படும் கசையிழை மோட்டாரில் மோட்பி என்று ஒரு புரதம் உண்டு. ஆக்ஸ்போர்டில் 2006இல் அதற்கு ஜிஎஃப்பி என்ற பச்சையாக ஒளிரும் புரதத்தை ஒட்டி, ஒரு படியின் உயரத்தை அளந்து, மொத்தப் பிரகாசத்தை அதனால் வகுத்தார்கள். ஒரு மோட்டாரில் சுமார் 22 மோட்பி. அது மட்டுமில்லை, மோட்டார் சுழன்றுகொண்டிருக்கும்போதே பழைய மோட்பி கழன்று சவ்வில் மிதக்கும் வேறொன்று வந்து உட்காருகிறது. சராசரியாக அரை நிமிடம்தான் ஒன்று தங்குகிறது. ஓடும் வண்டியில் பாகம் மாறிக்கொண்டே இருக்கிறது என்று அதற்கு முன் யாரும் உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை.

ஜனவரி 13, மதியம்

படி பற்றி ஒரு எச்சரிக்கை. ஜிஎஃப்பி வகைப் புரதங்கள் கண் சிமிட்டும். அணைந்து, சில விநாடிகள் கழித்துத் திரும்ப எரியும். 1997இல் மோர்னர், ரோஜர் சியென் ஆகியோர் இருந்த குழு இதை ஒற்றை மூலக்கூறு அளவில் காட்டியது. நிரந்தரமாக அணைந்ததாகத் தோன்றியவை 405 நானோமீட்டர் ஒளி பட்டதும் மீண்டும் எரிந்தன. ஆகவே ஓர் இறக்கம் வந்தால் போதாது, அதற்குப் பின் என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மூலக்கூறை இரண்டு முறை எண்ணிவிடுவோம்.

இந்தக் கண் சிமிட்டலும் 405 தூண்டலும்தான் பின்னாளில் பால்ம் முறைக்கு (மூலக்கூறுகளைச் சிலசிலவாக எரியவைத்து, ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்துப் படம் சேர்ப்பது) வழி திறந்தன. 2014 வேதியியல் நோபல் பரிசை ஹெல்லோடு பெட்ஸிக், மோர்னர் இருவரும் பகிர்ந்துகொண்டதன் பின்னணியில் இது இருக்கிறது.

ஜனவரி 14

வரலாறு கேட்டவருக்குச் சுருக்கமாக. 1989இல் கலிபோர்னியாவின் ஐபிஎம் அல்மடன் ஆய்வகத்தில் மோர்னரும் காடோரும் ஒற்றை மூலக்கூறின் ஒளி உறிஞ்சலை அளந்தார்கள். படிகத்துக்குள் பென்டசீன் என்ற கரிம மூலக்கூறு, திரவ ஹீலியம் குளிர், உயிருக்கும் அதற்கும் வெகுதூரம். அடுத்த வருடம் பிரான்சின் போர்தோவில் ஓரிட்டும் பெர்னாரும் உறிஞ்சலுக்குப் பதில் ஒளிர்வை அளந்தார்கள். சிக்னல் பல மடங்கு தெளிவானது. அங்கிருந்துதான் எல்லோரும் ஒளிர்வுப் பக்கம் வந்தார்கள். 1995இல் ஒசாகாவில் யனகிதா குழு சாதாரண வெப்பநிலையில், தண்ணீருக்குள், மயோசின் என்ற தசைப் புரதம் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை ஒவ்வொன்றாகப் பிடித்து விடுவதைக் காட்டியது. 2000இல் அதே ஒசாகா வட்டத்தில் சாக்கோவும் கூட்டாளிகளும் உயிருள்ள மனிதப் புற்றுசெல்லின் சவ்வில் இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி ஒவ்வொன்றாக வந்து ஏற்பியில் ஒட்டுவதைப் படமெடுத்தார்கள்.

பதினோரு வருடத்தில் ஹீலியம் குளிரிலிருந்து உயிருள்ள செல்லுக்கு வந்திருக்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஜனவரி 15, இரவு

இருட்டு. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் எல்லோரும் லேசரையும் கேமராவையும் பற்றித்தான் கேட்கிறார்கள். சோதனை தோற்பது பெரும்பாலும் அங்கே இல்லை.

செல்லே ஒளிரும். ஃப்ளேவின் என்ற மூலக்கூறுகள் நீல ஒளியை வாங்கிப் பச்சையாக விடும். பச்சை நிற ஜிஎஃப்பி அதனாலேயே ஒற்றை மூலக்கூறு வேலைக்குக் கஷ்டம். நாங்கள் முடிந்தவரை சிவப்புப் பக்கம் போவோம். செல் வளர்க்கும் திரவத்தில் இருக்கும் ஃபீனால் ரெட் ஒளிரும், ரைபோஃப்ளேவின் ஒளிரும். படமெடுக்கும் முன் அவை இல்லாத திரவத்துக்கு மாற்ற வேண்டும். லென்ஸில் விடும் எண்ணெய் மலிவானதாக இருந்தால் அதுவும் ஒளிரும். கவர்ஸ்லிப் கண்ணாடி பளபளவென்று இருக்கும், லேசரில் வைத்தால் புள்ளி புள்ளியாக எரியும். செல்லே இல்லாத வெறும் கண்ணாடியை முதலில் பார்க்கச் சொல்லி ஒவ்வொரு புதிய மாணவரையும் உட்கார வைப்பேன். அங்கே 'மூலக்கூறுகள்' தெரிந்தால் அன்றைக்குக் கண்ணாடி கழுவும் வேலைதான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, பிளாஸ்மா கருவியில் வைத்து எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சாயமும் சதி செய்யும். ஹாலோடேக் முறையில் புரதத்தோடு ஒரு பிடிமானத்தை ஒட்டி, அதில் போய் மாட்டும் சாயத்தைச் செல்லுக்குள் விடுவோம். மாட்டாமல் மிச்சம் நிற்கும் சாயம் கண்ணாடியிலும் சவ்விலும் ஒட்டிக்கொண்டு அசையாத புரதம் போலவே நடிக்கும். ஹாலோடேக் இல்லாத செல்லுக்கு அதே சாயம் போட்டுப் பார்க்காமல் எந்த முடிவையும் நம்பக் கூடாது என்பது என் கருத்து. இந்த ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாத கட்டுரையை நான் பாதியில் மூடிவிடுவேன்.

அடுத்து, எங்கே ஒளி அடிப்பது. செல் முழுவதையும் ஒளியூட்டினால் குவியத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் எரிந்து மூடுபனி போலப் படத்தை மறைக்கும். கண்ணாடியும் திரவமும் சந்திக்கும் பரப்பில் லேசரை முழு அகப்பிரதிபலிப்பு ஆகும் கோணத்தில் அடித்தால் கண்ணாடிக்கு மேலே 100, 200 நானோமீட்டர் மட்டும் வெளிச்சம் கசியும். செல் சவ்வைப் பார்க்க அதுதான் வழி. டிர்ஃப் என்பார்கள். மிச்சிகனில் ஆக்சல்ராட் 1981இலேயே செல்களில் அதைச் செய்துவிட்டார். உட்கரு அதற்கு மேலே உயரத்தில் இருப்பதால் டிர்ஃப் எட்டாது. கோணத்தைக் கொஞ்சம் குறைத்து, ஒளியை மெல்லிய சாய்ந்த தகடாக உள்ளே விட வேண்டும். ஜப்பானில் டோக்குனாகா 2008இல் இதை ஒழுங்காக வகுத்துத் தந்தார். நான் தினமும் பயன்படுத்துவது அதைத்தான். கைக்குப் பழக ஒரு திருகைத் திருப்பும் நுணுக்கம் வேண்டும், பழகிவிட்டால் உட்கருவுக்குள் மூடுபனி விலகிப் புள்ளிகள் துல்லியமாக வரும் அந்தக் கணம் அருமையானது.

ஜனவரி 15, அதே இரவு

பின்புலத்தில் ஒன்றை விட்டுவிட்டேன், அது தமிழ் வாசகர்களுக்குப் பிடிக்கும். எல்லாவற்றையும் சுத்தம் செய்த பிறகும் தண்ணீர் மிஞ்சும். 532 நானோமீட்டர் பச்சை லேசரைச் சுத்தத் தண்ணீரில் அடித்தால் 650 நானோமீட்டர் அருகே மங்கலான சிவப்பு வரும். அது அழுக்கு இல்லை, ராமன் சிதறல். எங்கள் ஃபில்டர்களை அந்த இடத்தைத் தவிர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

1923இல் கல்கத்தாவில் ராமனின் மாணவர் கே. ஆர். ராமநாதன் சூரிய ஒளியை நீருக்குள் விட்டுப் பார்த்தபோது நிறம் மாறிய மங்கலான ஒளியைக் கண்டார். மாசு காரணமான 'பலவீனமான ஒளிர்வு' என்று நினைத்து, திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்திகரித்தார்கள். அது போகவில்லை. ஐந்து வருடம் கழித்து, வத்திராயிருப்பிலிருந்து போன கே. எஸ். கிருஷ்ணனும் ராமனும் சேர்ந்து அது என்ன என்று உலகுக்குச் சொன்னார்கள். அவர்கள் ஒளிர்வை விலக்கிச் சிதறலைத் தேடினார்கள், நாங்கள் சிதறலை விலக்கி ஒளிர்வைத் தேடுகிறோம். அதே தண்ணீர், அதே ஃபில்டர் வேலை.

ஜனவரி 17

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "சரி, ஒன்று என்று ஒப்புக்கொள்கிறேன். 250 நானோமீட்டர் புள்ளியை வைத்துக்கொண்டு 20 நானோமீட்டர் துல்லியம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

புள்ளி அகலமானது, ஆனால் அதன் நடுமையம் ஒன்றுதான். ஒவ்வொரு ஃபோட்டானும் அந்த மையத்தைச் சுற்றி 100 நானோமீட்டர் அளவு சிதறி விழுகிறது. நிறைய ஃபோட்டான் வந்தால் சராசரி கூர்மையாகும். எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 100 ஃபோட்டானுக்கு ஏறத்தாழ 10 நானோமீட்டர், 400 ஃபோட்டானுக்கு 5. பின்புலம் இருந்தால் இதைவிட மோசமாகும்.

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. ஒரு ஒளிரும் புரதம் அணைவதற்குள் தருவது ஒரு லட்சம் ஃபோட்டான் போல. நல்ல சாயம் என்றால் பத்து லட்சம். லென்ஸ் தவறவிட்டது, ஃபில்டர் தின்றது போகப் பத்தில் ஒன்று கேமராவுக்கு வந்தால் மகிழ்ச்சி. அதாவது ஒரு புரதத்திடமிருந்து வாழ்நாளுக்கு 10,000 ஃபோட்டான். ஃபிரேமுக்கு 100 வீதம் செலவழித்தால் 100 ஃபிரேம். 20 மில்லிவிநாடி ஃபிரேம் என்றால் இரண்டே விநாடி, ஆட்டம் முடிந்தது.

அந்த 10,000ஐ எதற்குச் செலவழிப்பது என்பதுதான் சோதனை வடிவமைப்பு. துல்லியம் வேண்டுமா, வேகம் வேண்டுமா, நீண்ட நேரம் வேண்டுமா? மூன்றும் சேர்ந்து கிடைக்காது. கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் நுண்ணோக்கியில் உட்கார்ந்தால் மூன்றிலும் அரைகுறையாக ஒரு தரவு வரும். அதை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

ஜனவரி 17, மாலை

கண்ணாடிக் குழாய் சோதனைகளில் ஆக்சிஜனை உறிஞ்சும் நொதிகளைப் போட்டுச் சாயத்தின் ஆயுளைக் கூட்டுவார்கள். உயிருள்ள செல்லில் ஆக்சிஜனைப் பிடுங்கினால் நாம் பார்ப்பது மூச்சுத் திணறும் செல்லை. அதனால் வேதியியலாளர்கள் சாயத்தையே மாற்றினார்கள். வர்ஜீனியாவின் ஜனீலியா ஆய்வகத்தில் லூக் லாவிஸ் குழு 2015இல் ரோடமின் சாயங்களில் இருந்த டைமீத்தைல் அமினோ தொகுதிகளை எடுத்துவிட்டு அசெட்டிடின் என்ற நாலு அணு வளையத்தை வைத்தது. பிரகாசம் கூடியது, ஆயுள் கூடியது. சின்ன மாற்றம். ஆனால் உட்கருவுக்குள் ஒற்றை மூலக்கூறு பார்க்கும் லேப்கள் பெருகியதற்கு அந்தச் சாயங்கள் முக்கியமான காரணம். ஹெல்லின் மின்ஃபிளக்ஸ் வேறு வழி: ஒளிக்கற்றையின் நடுவில் இருட்டான துளையை வைத்து, மூலக்கூறு அதற்கு எவ்வளவு அருகில் என்று தேடுவதால் குறைந்த ஃபோட்டானிலேயே துல்லியம் கிடைக்கிறது. 2023இல் ஹைடல்பெர்கின் ஈஎம்பிஎல் குழு அதைக்கொண்டு உயிருள்ள செல்லுக்குள் கைனேசின் என்ற சுமை தூக்கும் புரதம் அடிமேல் அடி வைத்து நடப்பதைப் பிடித்தது.

ஜனவரி 19

ஒருவர் கேட்கிறார்: இவ்வளவு சிரமம் எதற்கு, செல்லை ஃபார்மால்டிஹைடில் (புரதங்களை இருந்த இடத்திலேயே கட்டிப்போடும் வேதிப்பொருள்) உறைய வைத்துவிட்டு நிதானமாகப் பார்க்கலாமே?

இதற்கு உணர்ச்சிவசப்படாமல் பதில் எழுத என்னால் முடியாது.

செல் பிரியும்போது குரோமோசோம்கள் இறுகிச் சுருள்கின்றன. அந்த நேரத்தில் மரபணுக்களை இயக்கும் பெரும்பாலான புரதங்கள் குரோமோசோமைவிட்டு வெளியேறிவிடும் என்று நீண்ட காலம் நம்பினோம். உறையவைத்த செல்லில் சாயமிட்டுப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. குரோமோசோம் இருக்கும் இடம் இருட்டு, சுற்றிலும் வெளிச்சம். 2016இல் பெர்க்லியில் டிஜியான், டார்சாக் லேப்கள் எலியின் கருத்தண்டுச் செல்களில் சாக்ஸ்2 போன்ற புரதங்களை உயிரோடு பார்த்தார்கள். அவை குரோமோசோமிலேயே இருந்தன. அதே செல் மீது ஃபார்மால்டிஹைடை ஊற்றி வீடியோ எடுத்தபோது கண் முன்னாலேயே அவை குரோமோசோமைவிட்டு விலகின. வெளியேற்றியது செல் இல்லை, ஃபார்மால்டிஹைடு.

காரணம் நேரக் கணக்கு. சாக்ஸ்2 தன் இலக்கில் தங்குவது பத்துப் பதினைந்து விநாடி. மற்ற இடங்களைத் தொட்டுவிட்டுப் போவது ஒரு விநாடிக்கும் குறைவு. ஃபார்மால்டிஹைடு மெதுவாகத்தான் கட்டிப்போடும். அதற்குள் புரதம் பலமுறை இறங்கி ஏறியிருக்கும். வெளியே இறங்கியபோது பிடிபட்டால் திரும்பி வர முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே மாட்டிக்கொள்ளும்.

பாடநூலில் ஏறிய ஒரு விஷயத்தை இது புரட்டிப் போட்டது. உறையவைத்த செல் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் இப்போது முதலில் கேட்பது, இந்தப் புரதம் எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கும் என்பதுதான். அசையாத கட்டமைப்புகளுக்கு உறையவைப்பது நல்ல முறை. வந்து போகும் புரதத்துக்கு அதை நம்பக் கூடாது.

ஜனவரி 20

நேற்றைய குறிப்போடு சேர்த்துப் படிக்க இன்னொன்று. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த சோதனை. ஈ. கோலையில் மரபணுவை அணைத்து வைக்கும் லாக் ரிப்ரெசர் என்ற புரதம் 46 லட்சம் எழுத்து நீளமுள்ள டிஎன்ஏவில் தன் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். எப்படித் தேடுகிறது? டிஎன்ஏவில் வழுக்கிக்கொண்டு போகும் என்று கோட்பாடாகச் சொல்லி வந்தார்கள். 2007இல் ஹார்வர்டில் சன்னி ஷீ குழுவில் யோஹான் எல்ஃப் அதைச் செல்லுக்குள் பார்த்தார். மிதக்கும் புரதம் ஒரு ஃபிரேமுக்குள் பாக்டீரியா முழுக்கச் சுற்றி வந்து படத்தை மெழுகிவிடும். அதனால் லேசரைத் தொடர்ந்து அடிக்காமல் மில்லிவிநாடி அளவு பளிச்சென்று வெட்டி வெட்டி அடித்தார்கள். ரிப்ரெசர் தன் நேரத்தில் சுமார் 90 சதவீதத்தை டிஎன்ஏவின் மேலேயே, சரியில்லாத இடங்களில் ஒட்டிக்கொண்டு கழிக்கிறது என்று தெரிந்தது. பிறகு உப்சாலாவில் அவருடைய சொந்தக் குழு 2012இல், அது வழுக்கித்தான் தேடுகிறது என்றும், சரியான இடத்தின் மேல் பலமுறை வழுக்கிக் கடந்துவிட்டுத்தான் உட்காருகிறது என்றும் காட்டியது.

சரியான இடத்தையே கடந்து போகிறது! முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு நடக்கப் போய்விட்டேன். இதைச் சராசரி அளவீடு எதிலும் பார்த்திருக்க முடியாது.

ஜனவரி 20, பிற்பகல்

அதே ஷீ குழுவின் 2006 வேலையைக் குறிப்பிடாமல் விட மனமில்லை. ஒரு மரபணு எவ்வளவு புரதம் செய்கிறது என்றால் நாம் ஏதோ சீராக ஊறுவதாக நினைத்துக்கொள்வோம். மங்கலாகச் செல்லுக்குள் அலையும் ஒளிரும் புரதத்தைச் சவ்வில் தங்கும் புரதத்தோடு ஒட்டினார்கள். அது மெதுவாக நகர்வதால் புள்ளியாகத் தெரிந்தது. ஒவ்வொரு புள்ளியும் பிறப்பதை எண்ணினார்கள். புரதம் ஊறவில்லை, திடீர் திடீரென்று கொத்தாக வந்தது. ஒரு எம்ஆர்என்ஏ (புரதம் செய்ய மரபணுவிலிருந்து எடுக்கும் நகல்), ஒரு கொத்து, கொத்துக்குச் சராசரியாக நாலு மூலக்கூறு. நடுவில் நீண்ட மௌனம். ஒரே மரபணு உள்ள இரண்டு பாக்டீரியாக்கள் ஏன் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன என்பதற்கு எண்ணிக்கையோடு பதில் கிடைத்தது அங்கேதான்.

ஜனவரி 23

'மென்பொருள் வரைந்த படம்' என்ற உங்கள் சந்தேகத்தை இதுவரை ஒதுக்கி வைத்திருந்தேன். அதில் நியாயம் இருக்கிறது.

புள்ளியை மென்பொருள் வரைவதில்லை. ஆனால் இந்த ஃபிரேமில் இருக்கும் புள்ளியும் அடுத்த ஃபிரேமில் இருக்கும் புள்ளியும் ஒரே மூலக்கூறுதான் என்று முடிவு செய்வது மென்பொருள். புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் அது ஆள் மாற்றி இணைத்துவிடும். இணைத்த கோடு பார்க்க அழகாக இருக்கும், பொய்யாக இருக்கும். அதனால்தான் ஒரு உட்கருவில் ஒரே நேரத்தில் ஓரிரு புள்ளிகளுக்கு மேல் வேண்டாம் என்று சாயத்தை அவ்வளவு நீர்க்க விடுகிறோம், அல்லது 405 லேசரால் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்புகிறோம். ஆயிரக்கணக்கான தடங்கள் கொண்ட வண்ண வரைபடத்தைப் பார்த்தால், ஒரு ஃபிரேமில் எத்தனை புள்ளிகள் இருந்தன என்று கேளுங்கள்.

இன்னொரு பாரபட்சம் இதைவிட ஆழமானது. மெதுவாகப் போகும் மூலக்கூறு நன்றாகத் தெரியும், வேகமாகப் போவது மங்கி மறையும். கட்டற்று மிதக்கும் புரதம் 30 மில்லிவிநாடியில் ஒரு மைக்ரானுக்கு மேல் நகர்ந்துவிடும். கேமராவில் புள்ளியே விழாது. மேலும் அது குவியத் தளத்தைவிட்டு மேலேயோ கீழேயோ போய்விடும். ஒட்டியிருப்பது அங்கேயே இருக்கும். எதையும் திருத்தாமல் எண்ணினால் 'பாதிக்கு மேல் டிஎன்ஏவில் ஒட்டியிருக்கிறது' என்று வரும். உண்மை அதைவிடக் குறைவாக இருக்கலாம். வெட்டி வெட்டி ஒளியூட்டுவதும், குவியத்தைவிட்டுப் போனவற்றுக்குக் கணக்கில் ஈடுகட்டுவதும் இதற்காகத்தான்.

ஜனவரி 24

தங்கும் நேரம் பற்றி ஒருவர் கேட்டது நேற்றைய குறிப்போடு பொருந்துகிறது. புள்ளி மறைந்தால் புரதம் கழன்றது என்று அர்த்தமா, சாயம் அணைந்தது என்று அர்த்தமா? ஒரு தடத்தை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. லேசரை அடிக்கும் நேரத்தை மாற்றாமல், இரண்டு ஃபிரேமுக்கு நடுவே உள்ள இருட்டு இடைவெளியை மட்டும் நீட்டிப் பார்ப்போம். அணைவது லேசர் நேரத்தைப் பொறுத்தது, கழல்வது கடிகார நேரத்தைப் பொறுத்தது. அப்படிப் பிரிக்கலாம். கூடவே டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும், நிரந்தரமாக ஒட்டியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தை அதே நிலையில் எடுத்து ஒப்பிடுவோம்.

அப்படியும் சாயத்தின் ஆயுளைவிட அதிகம் தங்கும் புரதங்களுக்கு இந்த முறை போதாது. சிடிசிஎஃப் ஓரிரு நிமிடம் தங்குகிறது, கோஹீசின் 20 நிமிடத்துக்கு மேல். இரண்டும் சேர்ந்து டிஎன்ஏ வளையத்தைத் தாங்குகின்றன. 2017இல் பெர்க்லியில் ஹான்சனும் கூட்டாளிகளும் கோஹீசினுக்கு வந்தபோது ஒற்றை மூலக்கூறை விட்டுவிட்டு, ஒரு பகுதியை ப்ளீச் செய்து திரும்ப நிறையும் வேகத்தை அளந்தார்கள். எனக்கு அது சரியான முடிவாகப் படுகிறது. ஒற்றை மூலக்கூறு முறையின் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் எல்லாக் கேள்விக்கும் அதையே நீட்டக் கூடாது.

ஜனவரி 26

செல் சௌக்கியமாக இருக்கிறதா என்பதைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். நடுப்பகல் வெயில் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 வாட். நாங்கள் அடிப்பது நூற்றுக்கணக்கான வாட், சில சமயம் கிலோவாட். 405 லேசர் குறிப்பாகக் கொடியது. படமெடுத்த செல்லை மறுநாள் வரை வைத்திருந்து பிரிகிறதா என்று பார்ப்பது நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் பார்க்க வேண்டும். பிரியாத செல்லில் எடுத்த தரவை உயிருள்ள செல்லின் தரவு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நாங்கள் ஒட்டும் அடையாளப் புரதமும் சின்னதில்லை. ஜிஎஃப்பி 27 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு), ஹாலோடேக் 33. பார்க்கும் புரதத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். வெளியிலிருந்து டிஎன்ஏவைத் திணித்து அளவுக்கு மிஞ்சி உற்பத்தி செய்ய வைத்தால் புரதம் தன் இடமெல்லாம் நிரம்பி வழிந்து வேறு இடங்களில் ஒட்டும். கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையைக் கொண்டு செல்லின் சொந்த மரபணுவிலேயே ஒட்டுவதுதான் முறை. அந்த மரபணு இல்லாவிட்டால் செல் சாகும் என்றால் இன்னும் நல்லது. செல் உயிரோடிருப்பதே ஒட்டிய புரதம் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி.

ஜனவரி 29

"நானே சோதித்துப் பார்க்க நுண்ணோக்கி இல்லாமல் வழி உண்டா?" உண்டு. பல குழுக்கள் மூல வீடியோவைப் பொதுவில் வைக்கின்றன. ஃபிஜி என்ற இலவச மென்பொருளில் திறவுங்கள். அழகுபடுத்திய கோப்பு வேண்டாம், கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பு. அசையாமல் நிற்கும் புள்ளியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், சுற்றி ஐந்துக்கு ஐந்து பிக்சல் பெட்டி போடுங்கள், ஃபிரேம் வாரியாகப் பிரகாசத்தை வரையச் சொல்லுங்கள். பக்கத்தில் புள்ளி இல்லாத இடத்தில் அதே அளவு பெட்டி போட்டுக் கழியுங்கள். பத்து இருபது புள்ளிகளுக்குச் செய்யுங்கள், ஒன்றில் படி வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். படிகளின் உயரம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கிறதா, அதன் இரு மடங்கில் இன்னொரு கூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சவ்வுப் புரதத்தை டிர்ஃபில் எடுத்த தரவாக இருந்தால் தொடங்க எளிது. வரைந்ததை இங்கேயே போடுங்கள். படி தெரியாவிட்டால் என்ன கேமரா, எத்தனை மில்லிவிநாடி எக்ஸ்போஷர், எந்தச் சாயம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.